வாங்கின கோப்பை

விலங்கியல் பாடத்தில் விட்டுப்போன ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பயப்பட வேண்டாம், கடிக்காது. விலை மட்டும் கேட்கும். கேட்டுவிட்டு, நீங்கள் சொன்ன விலையைக் காதிலேயே வாங்காதது போல வானத்தைப் பார்க்கும். இதற்கு விளையாட்டுப் பழம்பொருள் வேட்டைக்காரர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். இதைவிட மரியாதையான பெயர் எனக்கு அகப்படவில்லை. இந்த இனத்தில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட சுதாராணி வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது.

கோவில்பட்டி வாரச் சந்தையில் காய்கறியைத் தாண்டி, கருவாட்டைத் தாண்டி, ஆட்டுக்குட்டியின் வாயைப் பிளந்து பல் பார்க்கிறவர்களையும் தாண்டிப் போனால், சாக்கு விரித்துப் பழசு விற்கிற வரிசை ஒன்று வரும். சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, குக்கர் இல்லாத மூடி, ஒற்றைச் செருப்பு, யாருடைய வாயிலிருந்தோ விடுதலை பெற்ற பல்செட்டு எல்லாம் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். இந்த இனம் அங்கேதான் மேயும். மற்றவர்கள் தங்கள் பூட்டுக்குச் சாவி தேடுகிற நேரத்தில், இது மட்டும் தையல் பிரிந்த பந்தையும், நாடா அறுந்த மெடலையும், ஒரு காது போன கோப்பையையும் தேடும். ஒரே நிபந்தனை, மலிவாக இருக்க வேண்டும். மலிவாக இருந்தால் அது பழம்பொருள். விலை கூடுதல் என்றால் வெறும் பழசு.

பந்தைக் கண்டால் முகர்ந்து பார்ப்பார். மெடலைக் கண்டால் கடித்துப் பார்ப்பார். ஹாக்கி மட்டையைக் கண்டால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கி பிடிப்பது போல நீட்டி, வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஹாக்கி மட்டை வளைந்துதான் இருக்கும் என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

விளையாடினவரா என்று கேட்கிறீர்களா? அதை மட்டும் கேட்காதீர்கள். விளையாடினவர்கள் வீட்டில் மட்டை பரண்மேல் கிடக்கும். அல்லது பாம்பு அடிக்க எடுத்துப்போன இடத்தில் கிடக்கும். விளையாடாதவர்தான் மட்டைக்கு எண்ணெய் போடுவார். அதிலும் எங்கள் ஊர் ஹாக்கி ஊர். தெருவுக்கு நாலு பேர் முழங்காலில் தழும்போடு திரிகிற ஊரில், தழும்பில்லாத முழங்காலை வைத்துக்கொண்டு ஒருவர் ஐம்பது வயதை நெருங்குவது லேசுப்பட்ட காரியமா?

என் பள்ளித் தோழர் நவநீதகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு அட்டையும் லேபிளும் சப்ளை செய்கிறவர், நல்ல வியாபாரி, மேற்படி இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி. பள்ளியில் நாங்கள் இருவரும் மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, வெளியே வந்த பந்தை உள்ளே எறிந்தவர்கள். நான் பிறகு மஸ்கட்டுக்குக் கணக்கு எழுதப் போய்விட்டேன். பொங்கலுக்கு விடுப்பில் வருகிறபோதெல்லாம், இறங்கிய நாளிலிருந்தே திரும்பும் டிக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஊருக்குள் திரிவேன். கோட்டுக்கு வெளியே இருப்பது எனக்குப் பழகிவிட்டது. அவருக்குப் பழகவில்லை.

ஒரு முறை, மட்டை பிடித்த வீரர் படம் போட்ட தீப்பெட்டி லேபிள் ஒன்றை அந்தக் காலத்துச் சரக்கு என்று நம்பிச் சந்தையிலிருந்து கொண்டுவந்து, கண்ணாடிச் சட்டமும் போட்டுவிட்டார். அவர் மனைவி சுதாராணி சட்டத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

“இது கோணலா வெட்டிப் போச்சுன்னு போன தீவாளிக்கு நாமதான எடைக்குப் போட்டோம்?”

“அதான், பாத்த உடனே மனசு ஒட்டிக்கிச்சு” என்றார் அவர்.

இன்னொரு முறை, ஏதோ ஒரு நாட்டு அணி ஆடிக் கழற்றிய பனியன் என்று ஒரு நீலச் சட்டை வந்தது. கழுத்துப்பட்டைக்கு உள்ளே எங்கள் மாவட்டத்துப் புதியம்புத்தூர் தையல்காரரின் துணிச்சீட்டு இருந்தது. கலங்கினாரா? “அவிய அங்கருந்து ஆர்டர் குடுத்து இங்கன தச்சு வாங்குதாக” என்று ஒரே வாக்கியத்தில் புதியம்புத்தூரை உலக வரைபடத்தில் ஏற்றிவிட்டார்.

இந்த இனத்தின் வேட்டை முறையைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நவநீதகிருஷ்ணன் வீட்டில் ஸ்கூட்டர் நிற்கும். சந்தைக்கு மட்டும் சைக்கிள். ஸ்கூட்டரில் வருகிறவருக்கு விலை வேறு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. நடந்து போனால், சாமானைப் பார்க்க நிற்க வேண்டும். நின்றால் ஆசை தெரிந்துவிடும். ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும். சைக்கிளில் இருப்பவரோ நிற்கவே இல்லையே, போய்க்கொண்டல்லவா இருக்கிறார்? ஆகவே முன்சக்கரத்தை இடமும் வலமும் ஒடித்து ஒடித்து, மிதிக்காமல் மிதித்து, போகாமல் போய், பின்னால் வருகிற ஆட்டுக்குட்டி முந்திக்கொண்டு போகிற வேகத்தில், காலைத் தரையில் ஊன்றாமல் அந்தச் சாக்கு வரிசையை மூன்று சுற்றுச் சுற்றுவார். முகம் வானத்தில் இருக்கும். மழை வருமா என்று பார்க்கிற கரிசல்காட்டுச் சம்சாரியின் முகம். கண் மட்டும் சாக்கில்.

அந்த வரிசையில் பழைய சாமான் விற்கிற மாடத்தி இதற்கும் ஒரு மாற்று வைத்திருந்தாள். ஒரு நாள் என்னிடமே சொன்னாள்.

“அண்ணாச்சி கண்ணப் பாத்தா ஏமாந்துருவோம். நான் காலத்தான் பாப்பேன். கால ஊணுனாகன்னா சாமான் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். ஊணுன கால எடுக்கதுக்குள்ள வெலையக் கூட்டிருவேன்.”

“இதுவரை எத்தனை தடவ ஊணியிருக்காரு?”

“எங்க ஊணுதாக. கழுதை, அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்டே தேவையில்ல.”

இரண்டாயிரமாவது ஆண்டுப் பொங்கல் விடுப்பில்தான் அந்தக் கோப்பை வந்தது. நான் பக்கத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். மாடத்தியின் சாக்கில், துருப்பிடித்த ஆணிகளைத் தாங்கிக்கொண்டு ஒரு வெள்ளிநிறக் கோப்பை நின்றது. ஒரு காது இல்லை. மேலே ‘சுழற்கோப்பை’ என்று வெட்டியிருந்தது. கீழே ‘வெற்றி வீரர்’ என்றும் எண்பத்தைந்து என்று வருடமும் இருந்தன. நடுவயிற்றில், என்ன போட்டி என்று வெட்டியிருக்க வேண்டிய இடத்தில், ஓட்டையை அடைக்க யாரோ ஈயத்தை அப்பியிருந்தார்கள்.

முதல் சுற்று.

“ஏம்மா, அந்த அரிவாமணை என்ன வெல?”

“அது தேங்காத் துருவி அண்ணாச்சி.”

“அதத்தான் கேட்டேன்.” சைக்கிள் போய்விட்டது.

இரண்டாம் சுற்று.

“அந்தப் பூட்டு?”

“சாவி கெடையாது.”

“சாவி எங்கிட்ட இருக்கு.” சைக்கிள் மறுபடி போய்விட்டது. மாடத்தி பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூன்றாம் சுற்று. மிதியில் இருந்த கால் நடுங்குவதை நான் பார்த்தேன்.

“அந்த ஆணி கெடக்க சொம்பு?”

“எது, இந்தக் கப்பா?”

“கப்பா அது? நான் சொம்புன்னுல்லா நெனச்சேன். மாட்டுக்குத் தவிடு அளக்க ஒண்ணு வேணும்.”

“ஒங்க வீட்ல மாடு ஏது?”

“வாங்கணும்.”

மாடத்தி காலைப் பார்த்தாள். கால் மிதியில் இருந்தது. ஆணிகளைச் சாக்கில் கொட்டிவிட்டு, தேங்காய்த் துருவியின் விலைக்குக் கோப்பையைத் தூக்கிக் கொடுத்தாள். சந்தை வாசலைத் தாண்டி, கடலைமிட்டாய்க் கடையையும் தாண்டிய பிறகுதான் நவநீதகிருஷ்ணன் காலை ஊன்றினார். தொடை ஆடிக்கொண்டிருந்தது. முகம், முதல் பிரசவம் முடிந்து வெளியே வந்த டாக்டர் முகம்.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கு என்று ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறோம். அதைப் போல உதாரகுணமுள்ள சொல் வேறு இல்லை. கடையில் கத்தரிக்காய் வாங்குகிறோம். பள்ளியில் அடி வாங்குகிறோம். பரீட்சையில் மார்க் வாங்குகிறோம். மாடியேறினால் மூச்சு வாங்குகிறது. மேடையேறினால் பரிசு வாங்குகிறோம். காசு கொடுத்தாலும் வாங்கினதுதான், கைதட்டலோடு கொடுத்தாலும் வாங்கினதுதான். நான் இன்னொரு மொழியிலும் படித்தவன். அதில் இந்த வசதி கிடையாது. கடைக்கு ஒரு சொல், மேடைக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்துக் கெடுத்திருக்கிறார்கள். அந்த மொழியில் நவநீதகிருஷ்ணன் முதல் வாக்கியத்திலேயே பிடிபட்டிருப்பார். தமிழில் ஒரு வருடம் ஓட்டினார்.

பொய்யா? ஒரு பொய் கிடையாது. சுதாராணியின் மரப்பாச்சிகளை வெளியேற்றிவிட்டுக் கோப்பையைக் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார். வந்தவர்கள் கேட்டார்கள்.

“இது யாருக்குள்ளது?”

“நான் வாங்குனது.”

“அப்படியா, எப்போ?”

“வருசந்தான் அதுலயே போட்டுருக்கே.”

“ஹாக்கியா?”

“நம்ம ஊர்ல வேற என்ன?”

கவனித்தீர்களா? ஒரு உண்மை, ஒரு கை காட்டல், ஒரு கேள்வி. கோர்ட்டில் நிறுத்தினாலும் நிற்கும். மீதியை ஊரே பார்த்துக்கொண்டது. சித்திரையில் அவர் ஹாக்கி ஆடியிருந்தார். ஆடியில் கேப்டன் ஆனார். ஐப்பசியில் நான் மஸ்கட்டிலிருந்து போன் பேசியபோது, முழங்காலில் அடிபட்டதால்தான் பெரிய ஆட்டங்களுக்குப் போக முடியவில்லை என்று யாரோ சொல்லக் கேட்டதாக என் தம்பி சொன்னான். கோட்டுக்கு வெளியே அவரோடு உட்கார்ந்திருந்த ஒரே சாட்சி நான். யாராவது என்னைக் கேட்டுவிட்டால்? அந்தக் கவலையோடுதான் அடுத்த பொங்கலுக்கு வந்து இறங்கினேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பள்ளித் தலைமையாசிரியர் ஆறுமுகசாமியும் வந்திருந்தார். பள்ளி விளையாட்டு விழாவுக்கு நவநீதகிருஷ்ணன்தான் சிறப்பு விருந்தினர். அழைப்பிதழில் ‘சுழற்கோப்பை வென்ற வீரர்’ என்று போடலாமா, அல்லது ‘முன்னாள் ஹாக்கி வீரர்’ என்று போடலாமா என்று கேட்க வந்திருந்தார். எந்த மைதானத்தின் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கினாரோ, அதே மைதானத்தில் பந்தல் போட்டு, நடு நாற்காலி, மாலை, பேச்சு. நவநீதகிருஷ்ணன் சஃபாரி சூட்டே தைத்து வாங்கிவிட்டார். அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணிந்தது. கேலி செய்ய வாயெடுத்த நான் மூடிக்கொண்டேன்.

அப்போது வாசலில் இருவர் வந்து நின்றார்கள். வெள்ளை மீசைக்காரர் மாரிச்சாமி. கூட வந்த இளையவர் சுடலைக்கண்ணு. பசுவந்தனைக்குப் பக்கத்து ஊர்ச் சம்சாரிகள். பருத்தி போட வந்த இடத்தில் டீக்கடையில் கோப்பையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். உள்ளே வந்து, அலமாரிக் கண்ணாடியில் மூக்கு ஒட்டக் குனிந்து பார்த்தார்கள்.

“இந்தக் கப்பு நீங்க வாங்குனதா அண்ணாச்சி?” என்றார் மாரிச்சாமி.

“ஆமா.”

“நீங்களேயா? வேற யாரும் வாங்கி ஒங்ககிட்டக் குடுக்கலையே?”

“நானேதான் வாங்குனேன்” என்று தலைமையாசிரியரைப் பார்த்துக்கொண்டே சொன்னார் நவநீதகிருஷ்ணன்.

மாரிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். “ஏலே சுடல, ஆளு அம்புட்டாச்சுலே.”



“பதினாறு வருசமா ஒங்களத்தான் தேடுதோம் அண்ணாச்சி” என்று மாரிச்சாமி சாவகாசமாக உட்கார்ந்தார். “எண்பத்தஞ்சு பொங்கலுக்கு எங்க ஊரு ஸ்லோ சைக்கிள் ரேஸ்ல இந்தக் கப்பை வாங்கிட்டுப் போனீங்க. அடுத்த வருசம் கொண்டாந்து வைக்கணுமா, இல்லையா? சுழற்கோப்பைன்னா அது சுத்தி வரணும். நீங்க கப்போட சேந்து சுத்தப் போயிட்டீங்க. பேரும் தெரியல, ஊரும் தெரியல. கப்பு இல்லாம ரேஸே நின்னுபோச்சு. இத்தன வருசமா எங்க பிள்ளைக பொங்கலுக்கு எலுமிச்சம்பழத்தக் கரண்டியில வச்சு ஓடிக்கிட்டுக் கெடக்கு.”

“ஸ்லோ சைக்கிளா?” என்றார் தலைமையாசிரியர். “ஹாக்கின்னு சொன்னீங்களே?”

“நான் எங்க சார் சொன்னேன். நீங்க கேட்டீங்க.”

சுடலைக்கண்ணுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “அன்னைக்கு வந்த ஆளு ஒல்லியால்லா இருந்தாரு?”

“பதினாறு வருசத்துல சதை போடாதாலே? நீ அப்பம் டவுசரோட திரிஞ்ச” என்று மாரிச்சாமி அடக்கினார்.

நீங்களே சொல்லுங்கள், இந்த இடத்தில் ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? மூன்றே சொல் போதும். காசு குடுத்து வாங்குனது. அதைச் சொன்னால் கோப்பையைக் கடத்தியவர் என்ற பழி போய்விடும். கூடவே நாற்காலியும் போய்விடும். காபி கொண்டுவந்த சுதாராணி, தட்டை நீட்டியபடி, “சொல்லுங்களேன், எப்படி வாங்குனீங்கன்னு” என்றாள். நான் பையில் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நவநீதகிருஷ்ணன் காபியை ஆற்றினார். ஒரு மடக்குக் குடித்தார்.

“வேலைப் பளு” என்றார். “கொண்டாந்து குடுக்க நேரம் இல்லாமப் போச்சு.”

காசு கொடுத்து வாங்கினவர் என்பதைவிடத் திருடினவர் என்பது மேல் என்று தீர்மானித்துவிட்டார். இந்த இனத்தின் மானம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மாரிச்சாமி பெருந்தன்மையான மனிதர். கோப்பையைப் பிடுங்கவில்லை. “மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல. காணும் பொங்கலுக்குக் கப்போட வாங்க, வண்டிய ஓட்டுங்க. செயிச்சா இன்னொரு வருசம் நீங்களே வச்சுக்கிடுங்க. தோத்தா எங்ககிட்ட வச்சுட்டுப் போங்க” என்றார். தலைமையாசிரியர் பேனாவை மூடினார். “நானும் வாரேன். ஜெயிச்ச கையோட கப்பைத் தூக்கிட்டு மேடைக்கு வந்துருங்க. ‘சுழற்கோப்பை வென்ற வீரர்’னே போட்டுருதேன். இல்லைன்னா...” என்றவர், இல்லைன்னா என்ன என்று சொல்லாமல் காபியைக் குடித்தார்.

காணும் பொங்கலன்று கண்மாய்க்கரைத் தார்ச்சாலையில் ஊரே கூடியிருந்தது. களத்தில் வைக்கலாம் என்றுதான் முதலில் பேசியிருக்கிறார்கள். ஆனால் தை மாதத்துக் கரிசல் இன்னும் ஈரமாக இருந்தது; சக்கரத்தில் அப்பிக்கொண்டால் எல்லோருமே மெதுவாகத்தான் போவார்கள், அது போட்டியாகாது என்று சாலைக்கு மாற்றிவிட்டார்கள். சட்டம் எளிது. கடைசியாக வருகிறவர் முதல் பரிசுக்காரர். கால் தரையில் பட்டால் ஆட்டம் போச்சு. முடிவுக் கோட்டில், சாலைக்கு இருபுறமும் முளை அடித்து ஒரு கயிறு கட்டியிருந்தார்கள்.

விசில் ஊதியதும் ஏழெட்டுச் சைக்கிள்கள் கிளம்பாமல் கிளம்பின. இரண்டு இளவட்டங்கள் அந்த இடத்திலேயே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒருவர் நிதானம் தவறி வேகமாகப் போய்விட்டார். அவரைப் பார்த்து ஊர் சிரித்தது. சிறிது நேரத்தில் மிஞ்சியது இருவர்தான். ஒருவர் அந்த ஊர்ப் பால்காரர் அழகிரிசாமி, தினமும் கேன் தளும்பாமல் ஓட்டிப் பழகியவர். இன்னொருவர்?

வானத்தைப் பார்த்த முகம். இடமும் வலமும் ஒடிகிற முன்சக்கரம். மிதிக்காமல் மிதிக்கிற கால். எனக்குச் சிலிர்த்துவிட்டது. சந்தைதான், அப்படியே சந்தைதான். இத்தனை வருடம் மாடத்தியின் சாக்கைச் சுற்றிச் சுற்றி அவர் தன்னையறியாமல் பயிற்சி எடுத்திருக்கிறார். ஊன்றாத காலை வைத்துக்கொண்டு பிறந்த ஒரு விளையாட்டு வீரரைத்தான் பள்ளியில் கோட்டுக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

மைக்கில் சுடலைக்கண்ணு பேசினார். “கோவில்பட்டி அண்ணாச்சி வண்டி போகுதா, நிக்கான்னு தெரியல. யாராவது குனிஞ்சு பாத்துச் சொல்லுங்க.”

அழகிரிசாமி திணறித் திணறி முன்னால் நகர்ந்துவிட்டார். இந்தப் போட்டியில் முன்னால் போவது தோற்கப் போவது. அவர் கயிற்றைத் தொட இன்னும் கொஞ்ச தூரம்தான். நவநீதகிருஷ்ணன் ஆணியடித்தது போல அவருக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் கைதட்டத் தயாராக எழுந்துவிட்டார். இருபத்தைந்து வருடம் தாம்பத்தியம் நடத்தியதில் முதல் தடவையாக சுதாராணி, “விழுந்துராதீங்க” என்று குத்தல் இல்லாத குரலில் முணுமுணுத்தாள்.

அப்போது வானத்தில் இருந்த கண் ஒரு நொடி கீழே இறங்கியது.

கயிறு கட்டிய முளைகளில் ஒன்று சவுக்குக் கம்பு. மற்றது, தலைகீழாகத் தரையில் அடிக்கப்பட்டிருந்த ஒரு பழைய ஹாக்கி மட்டை. வளைந்த தலை மேலே நின்றது. கைப்பிடி மண்ணுக்குள் போயிருந்தது. கழுத்தில் சுற்றிய பழைய நூல்கட்டு இன்னும் பிரியவில்லை.

அவர் போராடினார் என்பதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். முகத்தை மறுபடி வானத்துக்கு ஏற்றினார். முன்சக்கரத்தை ஒடித்தார். சந்தையாக இருந்தால் அப்படியே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்திருப்பார். சாலையில் சுற்றுவதற்கு இடமில்லை. சில அடி தூரத்தில் மட்டை கண்ணெதிரே நின்ற அந்தக் கணத்தில், அத்தனை வருடம் மாடத்தி காத்திருந்தும் பார்க்கக் கிடைக்காத காட்சி நடந்தது.

காலை ஊன்றினார்.

ஊன்றியது மட்டுமல்ல. சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு, அழகிரிசாமியைத் தாண்டி ஓடி, மட்டையை அசைத்துப் பார்த்து, சந்தைக் குரலில், “இந்த முளைக்குச்சி என்ன வெல?” என்றார்.

“காலை ஊணிட்டீங்களே அண்ணாச்சி” என்றார் மாரிச்சாமி, இழவு வீட்டுக் குரலில்.

“அது கெடக்கட்டும். மாடு கட்ட ஒரு குச்சி வேணும்.”

“அண்ணாச்சி, கயித்த விடுங்க. அழகிரி இன்னும் வரல.”

விடவில்லை. பிடுங்கிவிட்டார். கயிறு தொய்ந்து சாலையில் விழுந்தது. தான் ஜெயித்தது தெரியாத அழகிரிசாமி, கோடு எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டு, யாரோ பிடித்து நிறுத்தும்வரை மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார்.

கோப்பை அழகிரிசாமி கைக்குப் போனது. பதினாறு வருடம் கழித்து அது மறுபடி சுழல ஆரம்பித்தது. தலைமையாசிரியர் பஸ் ஏறினார். விளையாட்டு விழா அழைப்பிதழில் ஒரு பல் டாக்டரின் பெயர் வந்தது. சஃபாரி சூட்டை சுதாராணி அந்துருண்டை போட்டு மடித்து வைத்தாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. மஸ்கட் கிளம்புவதற்கு முன் ஆறுதல் சொல்லப் போனேன். பாவம், இடிந்து உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அலமாரியின் நடுத்தட்டில் எண்ணெய் போட்ட மட்டை சாய்ந்து நின்றது. இரண்டாம் பரிசாகக் கொடுத்த துவரம்பருப்புப் பொட்டலத்தை ஊர்க்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பரிசாக இந்த மட்டையைக் கேட்டிருக்கிறார். அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். லேபிள் கணக்குப் பார்க்க வந்த ஒரு சிவகாசிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹாக்கி மட்டையா? ஏது?”

“பசுவந்தனைப் பக்கம் ஒரு போட்டி” என்றார் நவநீதகிருஷ்ணன். “அதுல வாங்குனது.”

உள்ளே சுதாராணி இருமினாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஆகவே இந்த இனத்திடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். அதில், விருந்தாளி “இது?” என்று கேட்டபோது “வாங்கினது” என்று மட்டும் சொல்லிவிட்டு, முற்றுப்புள்ளியை அவசரமாக வைத்துப் பேச்சைக் காபிக்குத் திருப்பிய பொருள் ஒன்றாவது இருக்கும். எது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். இதை நீங்கள் உட்கார்ந்து படிக்கவே இல்லை, வேறெதையோ தேடிப் பக்கத்தைப் புரட்டிப் போய்க்கொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான் என்றே வைத்துக்கொள்வோம். முகம்கூட வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்சம் கீழே குனிந்து பாருங்கள். கால் எங்கே இருக்கிறது?